வெள்ளிக்கிழமைகளில் திறக்காத தாள்

கணினி திருத்துகிற தொழிலில் முதலில் பழகுவது, பிழை அடுத்தவர் பக்கம் என்று முகம் மாறாமல் சொல்வது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, நான் அதைக் கொஞ்சம் கூடவே பழகியிருந்தேன்.

முதல் ஃபோன்

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் மென்பொருள் என் பொறுப்பு; ஒரு மாடியில், வார நாள் பகலில் மட்டும் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதியவரின் பெயரை அழுத்தினால் அவருடைய பராமரிப்புத் தாள் திரையில் வரவேண்டும். எனக்கு எண்பது வீத வேலை: திங்கள் முதல் வியாழன் வரை அங்கே, வெள்ளி லீவு. அப்படியொரு வெள்ளியில், அந்த இல்லத்தில் வேலை செய்யும் மட்டக்களப்பு மலர் அக்கா என் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். தாள் வரவில்லையாம். கணினியை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னேன்.

"மூண்டு தரம் போட்டுட்டன் தம்பி. இனி என்னைத்தான் நிப்பாட்டித் திரும்பப் போட வேணும்."

திங்கட்கிழமை வெற்றி

திங்கள் போய் என் மடிக்கணினியை வழக்கம்போல் இல்லத்தின் இணைப்பில் செருகிவிட்டு, அக்காவின் கணினியில் பெயரை அழுத்தினேன். தாள் பட்டென்று வந்தது. வெள்ளியில் அந்த மாடிக்கு அக்கா மட்டும்தான் என்பதால் வேறு யாரும் முறையிடவும் இல்லை. அறிக்கையில் "பயன்படுத்துபவரின் தவறு" என்று எழுதினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"நீங்க வந்தாத் திறக்குது, இல்லாட்டித் திறக்குதில்லை. அதுக்குள்ள என்னத்தை வச்சிருக்கிறியள்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

பாராட்டு

அடுத்த வெள்ளி, விழுங்கக் கஷ்டப்படும் புதிய ஐயா ஒருவருக்கு அக்கா சாதாரணத் தேநீர் கொடுத்துவிட்டார். மா கலந்து தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பது, திறக்காத தாளில் இருந்தது. புரையேறி ஆஸ்பத்திரிக்குப் போனவர் நல்லகாலம் தப்பிவிட்டார். அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை இல்லை. திங்களன்று இல்லத்து மேற்பார்வையாளர் அம்மா எனக்கு நன்றி சொன்னார்.

"உங்கள் அறிக்கை இல்லாவிட்டால் நாங்கள் கணினியை அல்லவா சந்தேகித்திருப்போம்!"

பைக்குள் இருந்தது

அந்த நன்றி உறுத்தியதில், அன்றுதான் தரவுத்தளத்தை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். அதில் தாள் இருக்காது, தாள் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். சோதனைக்காக நான் கொடுத்த முகவரி என் மடிக்கணினியுடையது. மாற்ற மறந்துவிட்டேன். வெள்ளிதோறும் அத்தனை தாள்களும் என் பைக்குள், என் வீட்டில்.

இரண்டு நிமிடத்தில் மாற்றினேன். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்தேன். அந்த வெட்கம் மறதியின் வெட்கத்தை விடப் பெரிது. மறுநாள் மேற்பார்வையாளர் முன் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கையைக் கிழித்தார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை.

"திங்கட்கிழமையே சொன்னனான். பிழையைக் கண்டுபிடிச்ச ஆளெண்டு அறிக்கையில என்ர பேரை எழுதுங்கோ."

எழுதினேன். அதற்குப் பிறகு "பயன்படுத்துபவரின் தவறு" என்று எழுதப் போகும்போதெல்லாம், முதலில் என் பையைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.