நர்சம்மா நெற்றியில் குங்குமம்

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் நாங்கள் யாரும் கேட்டைப் பூட்டுவதில்லை. காவடி தூக்கி வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள், நிழலுக்கு ஒதுங்குவார்கள். எங்கள் வீடோ மலையடிவாரம் போகிற ரோட்டிலேயே இருக்கிறது. இந்த வருடமும் வழக்கம்போலத் திறந்து போட்டிருந்தோம். வினை அப்படித்தான் உள்ளே வந்தது.

என் மனைவி கோமளாவைப் பற்றி இங்கே அவ்வப்போது புலம்பியிருக்கிறேன். அவள் சிற்பி என்பதைச் சொன்னேனோ? மார்பிள் சிற்பி. சிற்பக் கல்லூரியில் முறையாகப் படித்தவள். வீட்டின் முன்பக்கம் முழுக்க அவள் பட்டறைதான். எனக்கும் என் நாற்காலிக்கும் சமையலறை ஓரத்தில் இடம். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. தான் செதுக்கிய மூக்கை என்னிடம் காட்டி, நான் நாலு வார்த்தை பாராட்டிய பிறகுதான் காபியையே கையில் எடுப்பாள்.

அன்று பட்டறையில் இருந்தது ஸ்டெல்லா நர்சம்மாவின் மார்பளவுச் சிலை. பள்ளிப்பட்டுப் பக்கம் பாதிப் பேர் அவர் கையில்தான் பிறந்தார்கள். இப்போது அவர் இல்லை. சிலையை ஊரில் வைக்கப்போகிறார்கள். ஆவணி பிறந்ததும் அவர் மகன் சாமுவேல் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. முகம் முடிந்துவிட்டது. கூந்தலும் புடவை மடிப்பும்தான் பாக்கி.

மதியம் சாப்பிட உள்ளே போனோம். திரும்பி வந்தால்... நர்சம்மா நெற்றியில் குழைத்த மஞ்சள், நடுவில் பெரிதாக ஈரக் குங்குமம்! எதிரே கற்பூரம் எரிகிறது. சித்தூர் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த ஓர் அம்மாள் கைகூப்பி நிற்கிறார்.

கருங்கல் என்றால் கழுவிவிடலாம். வெள்ளை மார்பிள் சாயத்தைக் குடித்துவிடும். அதுவும் ஆயுசுக்கும் பொட்டே வைக்காத கிறிஸ்தவ நர்சம்மாவுக்கு!

நான் ஈரத்துணியோடு ஓடினேன். கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்குமாம். பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. சிவப்பு நகரவே இல்லை.

அந்த அம்மாள் நடுங்கிப்போய்விட்டார். "அம்மவாரு அனுகுன்னானம்மா" என்றார். அம்மன் என்றே நினைத்துவிட்டாராம். கோமளா பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினாள். அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? நான் செஞ்சது சாமியாத் தெரிஞ்சிருக்கு."

கோபம் பாதி, பெருமை பாதி. கண் மட்டும் கலங்கியிருந்தது.

சரி, இனி என்ன செய்வது? மார்பிளில் ஒட்டுப்போட முடியாது, எடுக்கத்தான் முடியும். கறை இறங்கிய ஆழத்துக்கு நெற்றியை எடுத்தால் மூக்கு துருத்தும். மூக்கை இறக்கினால் கன்னம் உப்பும். கன்னத்தைத் தொட்டால் தாடை... ஆக, ஒரு பொட்டுக்காக முகம் முழுவதையும் மறுபடி செய்தாக வேண்டும். கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் அது வேறு யாரோ ஆகிவிடும். ஆவணியோ பக்கத்தில் நிற்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு பக்கத்து மெக்கானிக் கரீம் பாய் கிரைண்டரோடு வந்தார். ஒரே இழுப்பில் போய்விடும் என்றார்.

"ஆங், பொட்டும் போயிடும், நர்சம்மாவும் போயிடுவாங்க பாய்" என்றாள் கோமளா.

உளியும் சுத்தியும் அரமும்தான். ஒரு தட்டு, ஒரு தடவல். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் கன்னத்தில் கை வைப்பாள்; உச்சி வெயிலில் மேடு பள்ளம் தெரியாதாம். கடைசியில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் மூன்று வேளையும் என் உப்புமா. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு போனது. ஆனால் நர்சம்மா இளைத்துவிட்டார். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே லேசாகக் குழி விழுந்து... மாதிரிக்குத் தந்த போட்டோவில் இருந்தவர் பூசினாற்போல இருப்பவர்.

சாமுவேல் வந்தார். கோமளா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். என் மனைவி பயந்து நான் பார்த்தது அன்றுதான். நடந்ததை அவளே ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர் சிலையைச் சுற்றி வந்தார். எதிரே நின்றார்.

"போட்டோல இருக்கறது நான் பொறக்கறதுக்கு முன்ன இருந்த அம்மாங்க" என்றார். "ராவெல்லாம் பிரசவம் பாத்துட்டு வந்து எனக்கு சோறு போட்ட அம்மா இவங்கதான்."

எனக்கு ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, இது என் பெண்டாட்டி செய்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

இருந்தாலும் முகம் வைத்த கல்லைக் கண்டால் நம்மவர்கள் கை சும்மா இருக்குமா? அடுத்த சிலை ஆரம்பித்ததுமே தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதி வாசலில் போர்டு மாட்டினேன்: 'இது சாமி இல்லை. தொடாதீர்கள்.'

போன மாதக் கிருத்திகையன்று யாரோ போர்டுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!