கால் பட்டால் விடும் கை

என் கணவர் திருமலைசாமியின் கால் தவறி யார் மேலாவது பட்டுவிட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடும். பட்ட இடத்தை விரல் நுனியால் தொட்டு, விரலைக் கண்களில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேசுவார். பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப் பையில் பட்டாலும் அப்படித்தான். எல்லோரும் செய்வதுதான், அவர் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நாற்பத்தொரு வயதில் ஜியு-ஜிட்சு என்கிற தரை மல்யுத்தம் கற்றுக்கொள்ளப் போனார். போன ஐப்பசியில் இறந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து.

போத்தனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிவிட்டு, புதுத் தாமிரக் கம்பியைப் பள்ளம் பள்ளமாக இறக்கிக் கட்டுகிற வேலை. ஆள் ஐம்பத்தெட்டு கிலோதான். விரல்கள் மட்டும் இடுக்கி மாதிரி இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த பயிற்சிக்கூடத்தின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் காயில் கட்டி எடுத்துக்கொண்டு மாட்டப் போனவர், ஸ்டூலில் ஏறாமல் நின்றுவிட்டார். மெத்தை விரித்த தரையில் ஒல்லியான ஒருவர் மல்லாந்து கிடந்தார். அவர் மேல் அவரைப்போல் ஒன்றரை மடங்கு ஆள். தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டது மேலே இருந்த ஆள்.

"ஏனுங், கீழ கெடந்தவரு எப்படிங்க ஜெயிச்சாரு?" என்று கேட்டிருக்கிறார்.

சொல்லிக்கொடுக்கும் யஷ்வந்துக்கு அப்போது இருபத்தாறு வயது. "காலைல ஆறு மணிக்கு வாங்கண்ணா, நானே கீழ கெடந்து காட்டறேன்" என்றாராம். மறுநாளிலிருந்து என் கணவர் அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"இந்த வயசுல கட்டிப் பொரளப் போறீங்களா மாமா?" என்று நான் கேலி செய்தேன்.

"பொரள்றதில்ல புவனா. அமுக்கறவங்ககிட்டருந்து வெளிய வர்றது" என்றார்.

முதல் ஆறு மாதம் வெளியே வரவே இல்லை. காது கன்றிப்போய், விலா வலியோடு வருவார். பிறகு மெல்லப் பிடிபட்டது. தள்ளக் கூடாது, இடுப்பை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும் என்று சாப்பிடும்போதெல்லாம் விளக்குவார். மொபைல் சர்வீஸ் கடையில் வேலை செய்யும் ரிஃபத்தான் தினமும் அவருக்கு ஜோடி. "அண்ணன் சட்டையப் புடிச்சா கட்டிங் பிளேயர் வெச்சுத்தான் எடுக்கோணும் அக்கா" என்பான்.

கைக்குக் குறை இல்லை, கால்தான் குறை. அந்த வித்தையில் கால் எதிராளியின் தோளில், கழுத்தில், முகத்தில் எல்லாம் படும். பட்டவுடன் இவருடைய பிடி விட்டுவிடும், விரல் கண்ணுக்குப் போகும்.

"நீங்க கும்புட்டு முடிக்கறதுக்குள்ள நான் கழுத்தப் புடிச்சுப்போட்டனுங்கண்ணா, மன்னிச்சுக்கங்க" என்று ரிஃபத் சிரிப்பான்.

இரண்டாம் வருட முடிவில் யஷ்வந்த், புதிதாகச் சேருகிறவர்கள் கட்டும் வெள்ளைக்கு அடுத்த படியான நீல பெல்ட் தருவதாகச் சொன்னார். இவர் வாங்கவில்லை. "ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு வாங்கிக்கறனுங்க மாஸ்டர். இல்லீனா கட்டறதுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார்.

அந்தப் பங்குனியில் கடையில் இடது கட்டைவிரலிலிருந்து கம்பி நழுவியது. திரும்பத் திரும்ப நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான். மூன்று ஆஸ்பத்திரி பார்த்த பிறகு ஒரு டாக்டர் நிதானமாக உட்கார்ந்து சொன்னார். மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்குப் போகும் நரம்பு ஒவ்வொன்றாக அணையும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது.

ஆட்டோவில் வரும்போது அவரே பேசினார். "பேரப் பாரு, மோட்டாராம். நம்ம கடைக்குத்தான் வந்திருக்குது. ஆனா இதுக்குக் காயில் இல்லியாம்."

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "கை இருக்கறப்பவே ஒரு மேட்ச்" என்றார்.

யஷ்வந்த் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு தை மாதம் திருப்பூரில் நடக்கவிருந்த போட்டியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் பெயர் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: கால் பட்டாலும் பிடி விடக் கூடாது, வீட்டில் பழகிக்கொண்டு வர வேண்டும். பழக வீட்டில் நான்தான் இருந்தேன்.

ஹாலில் மெத்தையைப் போட்டு மல்லாந்து படுத்தேன். என் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே வாங்கி, ஒரு காலை என் வயிற்றின் மேலும் இன்னொன்றை முகத்தின் குறுக்கேயும் போட்டு அவர் சாய வேண்டும். ஆர்ம்பார் என்று பெயர். இடுப்பைத் தூக்கினால் என் முழங்கை நிமிர்ந்து வலிக்கும், நான் தட்டுவேன். முதல் நாள் குதிகால் என் கன்னத்தில் உரசியதும் கையை விட்டுவிட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் எழுந்து அவர் காலைத் தொட்டு ஒற்றிக்கொண்டேன்.

"நீ எதுக்கு ஒத்திக்கற? உங்காலா பட்டுச்சு?"

"பழக்க தோசமுங்க."

"ரெண்டு பேரும் வெளங்கிருவோம்."

இப்படியே போன பத்து நாட்களில் சிரித்ததுதான் நாங்கள் கடைசியாக நன்றாகச் சிரித்தது. பதினோராம் நாள் குதிகால் என் மூக்கில் இடித்தது. கை விடவில்லை. நான் தட்டினேன். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. மூக்கு வலி என்று சொல்லிவைத்தேன்.

போட்டி நடந்தது காங்கேயம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. மேடைக்குக் கீழே மெத்தை விரித்திருந்தார்கள். எதிராளி சேலத்திலிருந்து வந்தவர், ஐம்பது வயது இருக்கும், காதோரம் நரை, நெற்றி நிறையத் திருநீறு. ஐந்து நிமிட ஆட்டம்.

மூன்றாம் நிமிடம் வரை இவர் கீழேதான் கிடந்தார். அப்புறம் இடுப்பை நகர்த்தினார், சாப்பிடும்போது சொல்லிக் காட்டுவாரே, அதேபோல. அந்தப் பெரியவரின் கை இவருடைய தொடைகளுக்கு நடுவே வந்துவிட்டது. இவர் புரட்டினார், பெரியவர் மல்லாந்தார். "இடுப்பத் தூக்குங்கண்ணா" என்று யஷ்வந்த் கத்தினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

குதிகால் பெரியவரின் நெற்றியில் பட்டது. கை விட்டது.

பெரியவர் முழங்கையை உருவிக்கொண்டு மேலே ஏறினார், சட்டைக் கழுத்தைப் பிடித்து இறுக்கினார். இவர் தட்டினார்.

எழுந்து கை கொடுக்கும்போது பெரியவரே கேட்டார். "என்னங்க, தட்டப் போயிட்டேன். எதுக்கு விட்டுட்டீங்க?"

"காலு பட்டுருச்சுங்க. நெத்தில."

பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். பிறகு இவர் தோளில் கை வைத்தார்.

திரும்பி வரும்போது யஷ்வந்தின் காரில் பின்சீட்டில் இருந்தோம். நான் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "பழக்கத்துல விட்டீங்களா மாமா, இல்ல கைதான் விட்டுருச்சா?"

இடது கையை மடியில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியல அம்மணி. அவரு கேட்டதுக்கு ஏதாவது சொல்லோணுமேன்னு அப்படிச் சொன்னேன்."

ரிஃபத் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. விரல்கள் திறக்கின்றன, கை மேலே வருகிறது, அதற்குள் பெரியவரின் முதுகு மறைத்துவிடுகிறது. கண்ணுக்குப் போனதா, சும்மா விழுந்ததா என்று தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன்.

அடுத்த போட்டிக்குள் பெல்ட்டை அவரால் முடிச்சிட முடியவில்லை. அதற்கடுத்த வருடம் நடக்க முடியவில்லை. கடையைச் சாத்தினோம். படுக்கையில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தேன். தள்ளாமல், இடுப்புக்குக் கீழே என் முழங்காலைக் கொடுத்து, அக்குளில் கைவிட்டு. பேச்சு குழறும் நாட்களிலும் "இடுப்பு, இடுப்பு" என்று திருத்துவார்.

ஒரு நாள் அப்படித் தூக்கும்போது அவர் கால் சரிந்து என் முகத்தில் பட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். அது போர்வை மேல் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்து, பிறகு அவர் கண்களில் ஒற்றினேன். அதன் பிறகுதான் கையிலிருந்து பார்வையை எடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தேன். கடைசி மாதத்தில் அவர் கையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

எடுக்கிற அன்று யஷ்வந்த் ஒரு பையோடு வந்தார். உள்ளே நீல பெல்ட்.

"போட்டு அனுப்பலாமுங்களா அக்கா?"

பெல்ட் புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

"அவரு ஜெயிக்கலீங்க தம்பி" என்றேன்.

யஷ்வந்த் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பீரோவிலிருந்து வெள்ளை பெல்ட்டை எடுத்துவந்தேன். அந்த முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. ரிஃபத் போட்டான்.