மொட்டைத் தலையில் பார்த்த பேன்

மொட்டைத் தலையில் பேன் பார்ப்பது குற்றம் என்று வெள்ளைத் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் கையெழுத்தில் ஒரு சுழிப்பு வேறு. இருபத்திரண்டு வயதில் மனிதனுக்கு அறிவு வருவதற்கு முன்பே சுழிப்பு வந்துவிடுகிறது.

போன வாரம் பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு அரவணைப்பு தேவையா என்று கருத்தரங்கு. எழுதுகிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை நன்றியுரைக்கு அழைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கினால் அது நன்றாக வளரும் என்பதை ஒருவர் திரையில் படம் படமாகக் காட்டி நிரூபித்தார். கைதட்டினோம். பிறகு ஆளுக்கொரு தலையணை கொடுத்து அணைத்துப் பழகச் சொன்னார்கள். பெரிய உத்தியோகத்தர்கள் அதை ஃபைல் போல அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். மண்டபத்தில் பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மாளின் தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அதோடு நான் மனசால் பழைய பதுளைக்குப் போய்விட்டேன்.

பதுளையில் அப்போது ஒரு சிறுவர் இல்லத்தில் எனக்குக் கிளாக்கர் உத்தியோகம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த நாற்பது பிள்ளைகள், மூன்று ஆயாக்கள், ஒரு மேட்ரன். சுவரில் ஒரு பலகை: 'குளிப்பாட்டவும் உணவூட்டவும் பேன் பார்க்கவும் தவிர, பிள்ளைகளைத் தூக்கவோ மடியில் வைக்கவோ கூடாது.'

"தூக்கிப் பழக்கினா அப்புறம் கீழ எறங்காதுங்க" என்பார் மேட்ரன், ஏதோ பூனையைப் பற்றிச் சொல்வதுபோல. பார்க்க வரும் கனவான்கள் பிள்ளைகள் அழாமல் இருப்பதைப் பாராட்டிவிட்டுக் கேக் சாப்பிட்டுப் போவார்கள். அழுதாலும் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை எதற்கு அழப்போகிறது? இதை இன்று எழுதுகிறேன். அன்று நானும் கேக் சாப்பிட்டேன்.

ஆயாக்களில் மாரியாயி என்று ஒருத்தி. முன்பு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்தவள். பகல் இரண்டு மணியானால் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் சொட்டு எண்ணெயோடு, ஒவ்வொரு பிள்ளையாக மடியில் கிடத்திப் பேன் பார்ப்பாள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும். பார்த்து முடித்தவையும் மறுபடி கடைசியில் போய் நிற்கும். இரண்டரை வயதுப் பவானிக்கு வரிசையெல்லாம் கிடையாது. நேரே போய்ப் படுத்துவிடுவாள். அவள் அம்மா வீட்டுவேலைக்கு வெளிநாடு போனவள்.

ஒரு நாள் என் துப்பறியும் மூளைக்கு வெளிச்சம் வந்தது. பேனுக்குப் பயந்து மாதமொருமுறை எல்லாருக்கும் மொட்டையடிக்கிறோமே, பிறகு இவள் எதைப் பார்க்கிறாள்?

"ஆயா, முடியே இல்லாத தலையில ஏது பேன்?"

"இல்லேன்னாலும் பாத்துட்டுத்தானேங்க இல்லேன்னு சொல்லணும்?"

எழுதிக் கொடுத்துவிட்டேன். மேட்ரன் மாரியாயியைச் சமையலுக்கு மாற்றினார். எனக்கு இன்னொரு துண்டு கேக்.

மூன்றாம் நாள் பவானி சாப்பாட்டை நிறுத்தினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தன் தலையைத் தானே தடவிக்கொண்டிருப்பாள். பத்து நாளில் கழுத்து நிற்கவில்லை. மற்ற ஆயாக்களுக்கு வேலை இருந்ததால் மாரியாயியும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் எல்லாம் சோதித்துவிட்டுக் கேட்டார்:

"இந்தப் புள்ளைய யாராவது தூக்குறீங்களா?"

"அது சட்டத்துல இல்லீங்க டொக்டர்" என்றேன், பெருமையாக.

மேசையிலிருந்த மூத்திரப் போத்தலைக்கூட அந்த மனிதர் அதைவிட மரியாதையாகப் பார்த்திருப்பார். மருந்துத் துண்டு எழுதினார்: தூக்குதல், அரை மணி நேரம், நாளைக்கு மூன்று வேளை, ஒரு மாதத்துக்கு. முத்திரையும் குத்தினார்.

முத்திரை இருந்தால் எங்கள் மேட்ரன் விஷத்தையும் வேளை தவறாமல் கொடுப்பார். நான் மருந்துப் பதிவேட்டில் ஏற்றினேன். 'கொடுப்பவர்' என்ற இடத்தில் மாரியாயி. நாலாம் நாள் பவானி அரை இடியப்பம் சாப்பிட்டாள். மாதம் முடிந்ததும் மாரியாயி தானே ஆஸ்பத்திரிக்குப் போய், பவானிக்கும் இன்னும் பதினொரு பிள்ளைகளுக்கும் அதே மருந்துக்குத் துண்டு வாங்கி வந்தாள்.

"ஐயோ, தொத்து வியாதியா?" என்று மேட்ரன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்த இல்லம் இப்போது இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. வாசற்படியை இடித்துக் காருக்குச் சரிவு போட்டிருக்கிறார்கள். பதிவேடு பழைய கடதாசியோடு போனது. டொக்டரை மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலோ, வெளிநாட்டு வீடுகளில் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ இருக்கலாம். யாரும் தேடிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

வெகு காலம் கழித்து மாரியாயியைப் பதுளை பஸ் நிலையத்தில் கண்டேன். கண் கலங்கத் தயாராகிக்கொண்டு, அன்று எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"அட, நீங்களா? யாரோ வெவரமான ஆளுன்னுல்ல நெனச்சு இத்தன வருசமா பயந்துக்கிட்டு இருந்தேன்."