அப்பாவுக்காக நான் எழுதிய தேர்வு

டெக்சஸில் ஆலனுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாம் வருடம், ஒரு காலையில் எங்கள் தெருவில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நெடுநேரம் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் அப்பா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கோபி ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். கோபிசெட்டிபாளையம் பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். "ஸாரி சார், பஸ்ஸில் காஃபி கிடையாது" என்று அந்த ஓட்டுநர் அம்மாள் ஆங்கிலத்தில் உண்மையான வருத்தத்துடன் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி கோகிலா அன்றே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அங்கே நான்தான் மொழிபெயர்ப்பாளன். இது எந்த வருடம் என்று கேட்டார் டாக்டர். "அறுபத்தேழு" என்றார் அப்பா, தயங்காமல். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகள் வருடத்தைக் குழப்பிக்கொள்ளாமல் பார்க்கத்தான் என்னை இந்த நாட்டுக்கு அழைத்திருந்தார்கள். "நைன்டீன் நைன்டி நைன்" என்றேன் டாக்டரிடம். ஆப்பிள், மேசை, குதிரை என்று மூன்று சொற்கள் கொடுத்து, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பா என் காதருகே குனிந்தார். "ஆப்பிள் வேணுமாமா அவருக்கு? பாவம், பசியாட்ட இருக்குது. வாங்கிக் குடு கண்ணு." நான் மூன்று சொற்களையும் வரிசை தவறாமல் சொன்னேன். "எக்ஸலண்ட்!" என்றார் டாக்டர்.

சர்வே நம்பரைச் சொன்னால் போதும், நாலு பக்கமும் யார் யார் நிலம் என்று தாளைப் பார்க்காமல் சொல்லுவார் அப்பா. பத்திரம் பதிய வந்தவர்கள் வாய் பிளந்து நின்றதைச் சிறுவயதில் பார்த்தவன் நான். அந்நியர் ஒருவர் முன்னால் அவர் தோற்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

காரில் கோகிலா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "டெஸ்ட்ல நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. மாமாவுக்கு எப்பங்க டெஸ்ட்?"

அடுத்த சில மாதங்களில் அப்பா சட்டைமேல் சட்டை போட்டார். பிறகு பொத்தான் போடுவது மறந்தது. ஷேவிங் கிரீமில் பல் தேய்த்துவிட்டு, பேஸ்ட் காரம் போதவில்லை என்றார். ஒருநாள் மின்சாரக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். பிளாஸ்டிக் உருகி, புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "வாங்க வாங்க. செருப்பக் கழட்டி வெச்சுட்டு வாங்க, காப்பி ஆச்சு" என்றார். ஆறடி உயர வீரர் ஒருவருக்குப் புரியாததால், அப்பாவே தரையில் உட்கார்ந்து அவருடைய பூட்ஸ் பட்டையைப் பிடித்து இழுத்தார். மற்றவர்கள் பின்வழியாகப் போய் அடுப்பை அணைத்தார்கள். அந்த மனிதர் பொறுமையாகக் காலைக் கொடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தான் எங்கே இருக்கிறோம் என்று இவருக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். முதன்முறையாகச் சரியாக மொழிபெயர்த்தேன்.

மறுவாரம் அதே டாக்டர், அதே கேள்விகள். அப்பா சொன்னதை மட்டும் சொன்னேன். முப்பதுக்குப் பதினொன்று. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், திருப்பித் தராது என்றார். முதல் தடவை நான் பேசிய பொய்யையும் சொன்னேன். "நிறைய மகன்கள் செய்வதுதான்" என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கோகிலா முதலில் போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

"எறங்குங்கப்பா, வீடு வந்துருச்சு."

"இது யாரு வீடோ. நம்மூட்டுக்குப் போலாம், ஓட்டு கண்ணு."

தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றேன். அப்போதும் அவர் இறங்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு வழி தெரியுமில்ல?"

எஞ்சினை அணைத்தேன். உள்ளிருந்து கோகிலா "வாங்க" என்று கூப்பிட்டாள். பெல்ட்டைக் கழற்றாமல் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், விலாசம் தப்பி வந்துவிட்ட விருந்தாளிகளைப் போல.