ஆயா மாமாவின் இரண்டு பெட்டிகள்

பள்ளிப் பைகள் தைக்கும் எங்கள் ஆலையில் குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ஆயா மாமா' என்று பெயர். ஆயா என்பது வேலையின் பெயர். மாமா என்பது பிள்ளைகள் ஒட்டவைத்தது. ஆறடி உயரம், நரைத்த மீசை. ஏழு வருடத்துக்கு முன்பு ஆலை வாசலில் காவலாளியாக இருந்தார். அப்போதிருந்த ஆயா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் பாத்துக்கங்க" என்றார் மேனேஜர். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

வாசலில் இருக்கும் பழைய கூட்டாளிகள் அவரை விடமாட்டார்கள்.

"என்ன ஆயா, பால் காய்ச்சியாச்சா?"

"ஆச்சு. உனக்கும் ஒரு டம்ளர் ஊத்துறேன், அழாம குடிப்பியா?"

தினமும் காலையில் பாலுக்குத் தலைக்கணக்கு எடுக்க நான் அலுவலகத்திலிருந்து அங்கே போவேன். பாதி உயரக் கதவு. அதன் மேல் எட்டிப் பார்த்தால் பன்னிரண்டு குழந்தைகள், நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஒரு சக்கரம் போன லாரி, பிளாஸ்டிக் சட்டி பானை, கழித்துப்போட்ட ஜிப்புகள், மிச்சத் துணியில் அவரே தைத்த பொம்மை எல்லாம் அதில்தான் கிடக்கும். அறைக்கு இரண்டே சட்டம்: கடிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. வெட்டும் பிரிவில் வேலை செய்யும் அக்காவின் மகள் எப்போதும் லாரியோடுதான் இருப்பாள். அவளுக்கு அவர் வைத்த பெயர் டிரைவரம்மா.

ஒருநாள் டீ இடைவேளையில், தையல் மிஷின் மெக்கானிக் தன் மூன்று வயது மகனை எட்டிப் பார்த்தார். பையன் பொம்மையை மடியில் போட்டுச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். கூட நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"நல்லா குடும்பம் நடத்துறான்டா உன் பையன். இப்பவே ஒரு மாப்பிள்ளை பாத்து வை!"

அன்று சாயங்காலமே என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. 'என் மகனைப் பொம்பளைப் பிள்ளைபோல் வளர்க்கிறார். காவலாளியைக் காவலுக்கே அனுப்பவும்.' மேனேஜருக்குத் தலைவலி ஆகாது. வெள்ளிக்கிழமை மெக்கானிக்கே வந்து பார்க்கட்டும், அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஆயா மாமா மறுபடியும் வாசலுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்.

நான் போய்ச் சொன்னபோது அவர் யாருக்கோ செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாசல் கேட்டுக்கா? அங்க யாரும் என் மடியில வந்து உக்காந்ததில்லம்மா."

மறுநாள் பேக்கிங் பிரிவிலிருந்து மூடி போட்ட இரண்டு பெட்டிகள் வந்தன. சிவப்பு மூடிப் பெட்டியில் சட்டி பானையும் பொம்மையும், பெண் பிள்ளைகளுக்கு. நீல மூடிப் பெட்டியில் லாரியும் மற்றதும், பையன்களுக்கு. "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். நேர்த்தியாகத்தான் இருந்தது, தலையாட்டினேன். ஆனால் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. டிரைவரம்மாவின் லாரி கொண்டுவந்து இறக்கும் சாமானை வைத்துத்தான் மெக்கானிக் மகன் சமைப்பான். சமைத்ததைத்தான் பொம்மை சாப்பிடும். இப்போது டிரைவரம்மா, கவிழ்த்து வைத்த சட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"லாரி வராம எப்பிடி சமைக்கிறது மாமா?"

"ரெண்டு நாள் பொறுத்துக்க தாயி" என்றார்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் எண்ணெய்க் கையோடு வந்து கதவருகே நின்றார். நான் பதிவேட்டோடு நின்றேன். நீலப் பெட்டியருகே பையன், அவனிடம் லாரி. மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. பிறகு உற்றுப் பார்த்தார்.

லாரி, கைத்துண்டில் கழுத்துவரை சுற்றப்பட்டு, நீட்டிய கால்களின் மேல் படுத்திருந்தது. பையன் அதைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தான். தட்டும் கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. அது யாருடைய கை என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். முன்பு மிஷின் பெல்ட்டில் சிக்கியதிலிருந்து மெக்கானிக்கின் வலது கையில் அந்த இரண்டு விரல்களும் நிமிராது. அவர் மனைவி இரண்டாம் ஷிப்டில் இருக்கிறாள், இரவுதான் வீடு திரும்புவாள். வீட்டில் நான்கு மாதப் பெண் குழந்தை. அதை யார் தூங்கவைக்கிறார்கள் என்று அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

"டேய், என்னடா பண்ற?"

"ஷ்ஷ்... பாப்பா இப்பதான் கண்ண மூடுச்சு. கத்தாதப்பா."

மெக்கானிக் வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

ஆயா மாமா பேசாமல் இருந்திருக்கலாம். லாரிதானே கையில் இருக்கிறது, வேலை பிழைத்தது. ஆனால் அவர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளையும் தூக்கி ஒரே பாயில் கவிழ்த்தார்.

"நான் கேட்டுக்கே போறேன் தம்பி. ஆனா இங்க இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கும்."

மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, குவியலிலிருந்து துணிப்பொம்மையை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"லாரி கனமா இருக்கும்டா. கால் வலிக்கும். இத வச்சுக்க."

சும்மா கிடந்த லாரியை டிரைவரம்மா துண்டோடு ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் என் மேசைக்கு வந்தார்.

"அந்த லெட்டரக் கொஞ்சம் குடும்மா. எழுத்துப் பிழை இருக்கு, திருத்தித் தரேன்."

கொடுத்தேன். நான்கு மாதமாகிறது, இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார். மேனேஜர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.