நான்கு நிமிஷத்தில் இறுகிய மாவு

கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜிப்சம் கல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். மாவாக அரைத்துக் கொப்பரையில் சூடாக்கினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது, காய்ந்த மாவே கஞ்சி மாதிரி கொதிக்கும். கொதிப்பு அடங்குவதைப் பார்த்து இறக்க வேண்டும். இறக்கிய மாவில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி கல்லாகும். சுவர்ப் பூச்சுக்கும் மாவுக்கட்டுக்கும் போவது அதுதான். அவசரப்பட்டு இறக்கினால் வேகாத மாவு கலந்துவிடும். பூசுகிறவர் கரண்டியை எடுப்பதற்குள் இறுகித் தொலையும்.

அந்த ஆலையில் மாவைச் சோதித்தவளுக்கு நிமிஷக்காரி என்று பெயர். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நீள நாக்கு. எவர்சில்வர் கிண்ணத்தில் மாவைக் கரைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்துவாள். பத்து நிமிஷத்தில் இறுகினால் சரி. கொப்பரையைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. ஒன்பது வருஷம் மூட்டை தூக்கிய பிறகு கிடைத்த இடம் அது. தம்பி தப்புச் செய்தால் அக்கா கண்டுகொள்ள மாட்டாள் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வரிந்துகட்டிக்கொண்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை தம்பியின் மாவு நான்கே நிமிஷத்தில் இறுகியது. தயங்காமல் எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் அவனை அன்றே மூட்டை தூக்க அனுப்பினார். அவன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு லாரிப் பக்கம் போனான். வீட்டிலும் அவள் விடவில்லை. அலட்சியம் பிடித்தவன், மானத்தை வாங்கிவிட்டான் என்று மூன்று நாள் அவன் பெண்டாட்டியின் எதிரிலேயே பொரிந்து தள்ளினாள்.

வியாழக்கிழமைதான் கொப்பரைக்குப் புது ஆள் வந்தான். அவன் இறக்கிய முதல் மாவும் நான்கு நிமிஷத்தில் இறுகியது. அவளுக்குச் சுருக்கென்றது. கிண்ணத்தின் அடியை நகத்தால் சுரண்டினாள். பழைய மாவு ஏடாகப் பெயர்ந்து வந்தது. ஏற்கெனவே இறுகிய துணுக்கு ஒன்று கிடந்தாலும் புது மாவு சீக்கிரம் இறுகும். ஊரையெல்லாம் சுத்தத்துக்குத் திட்டுகிறவளுக்கு அது தெரியாதா என்ன? திங்கட்கிழமை எடுத்து வைத்திருந்த தம்பியின் மாவை வேறு கிண்ணத்தில் கரைத்தாள். சரியாகப் பத்து நிமிஷம். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

நேரே மேற்பார்வையாளரிடம் போய், "தப்பு அவன்மேல இல்லைங்க. நான்தான் கிண்ணத்தைச் சரியா கழுவல" என்றாள். அவர் நல்லவர்தான், ஆனாலும் சோதிக்கிற இடத்தில் இப்படி நடந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். தம்பி நாளைக்கே கொப்பரைக்குத் திரும்பலாம், அவள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார்.

லாரி அருகில் தம்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"கிண்ணத்தை நான் அன்னிக்கே பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டு ஏன்டா வாயை மூடிட்டு இருந்தே?"

"சொன்னா உன்னை நிறுத்திடுவாங்கன்னு தெரியும். எனக்கு மூட்டை தூக்கவாவது முதுகு இருக்கு. உனக்கு இதை விட்டா என்னக்கா இருக்கு?"