நமுத்துப்போகும் முன்

"கையை நீட்டுங்க" என்று நான்காவது தடவையாகச் சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி தட்டைத்தான் நீட்டினார். எங்கள் தொழிலில் சுருட்டுவது பாதி வேலை. சுருட்டியதைக் கையில் வாங்கவைப்பது மீதி. பரிமாறும் வேலையில் நின்றவர்கள் இதைப் படித்தால், நீட்டிய கை நீட்டியபடி நிற்பதன் வலி உங்களுக்குத் தெரியும்.

செல்போனில் கேமரா வந்த புதுசு. திருப்பூரில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் எங்கள் கடை. ஒரு நீளப் பலகை, ஆறு இருக்கை, பின்னால் நான். கடற்பாசியைக் காகிதம் போலக் காயவைத்த தாள் ஒன்று உண்டு. அதில் வினிகர் கலந்த சோறும் இறாலோ வெள்ளரியோ வைத்துக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பேன். ஜப்பான் சாப்பாடு. தாள் அப்பளம் போல நொறுங்கவேண்டும். ஒரு நிமிஷம் போனால் நமுத்துவிடும். அதனால்தான் கைக்குக் கை. சொல்லிக்கொடுத்த சென்னைச் சமையல்காரர் இரண்டே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். நான் அதற்கு முன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் டேபிளில் ஓட்டையும் கறையும் தேடி நின்றவள்.

அன்று முதலாளி கடைசிவரை கையில் வாங்கவில்லை. "சம்பளம் குடுக்கற கை அம்மிணி இது. இதுல வாங்கித் திங்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது. தட்டுலயே வெய்யி."

மரியாதை

பனியன் வாங்க வரும் ஜப்பான்காரர்களை நம்பித் திறந்த கடை. அவர்களில் முக்கியமானவர் மொரிதா. சரக்கைப் பரிசோதித்து அனுப்புகிறவர். லாட்ஜின் மூன்றாம் மாடியில் தங்கியிருந்தார். அவர் சாப்பிடும் இடத்தில்தான் அவர் ஆபீசே சாப்பிடும் என்றார்கள். அவர் வந்த முதல் நாள் எனக்கும் முதலாளியின் புத்தி வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதருக்குக் கையிலா கொடுப்பது? புதுத் தட்டு எடுத்து, துடைத்து, ஓரத்தில் வெள்ளரியை விசிறி போல அடுக்கி, இரண்டு கையாலும் வைத்தேன்.

கடித்தார். நமுத்த தாள் இழுத்துக்கொண்டு வந்தது. முழுதும் தின்றார். இரண்டாவது கேட்கவில்லை. கம்பெனிகளில் சுற்றிச் சுற்றி நம் பேச்சைக் கொஞ்சம் பிடித்திருந்தார். எழுந்து, தலை குனிந்து, "பரவால்லீங்க" என்றார்.

எல்லோருக்கும் வரட்டும்

ஆடி பிறந்ததும் முதலாளி சொல்லிவிட்டார்: "ஆடி முடியறதுக்குள்ள ஒரு நாளாவது ஆறு சீட்டும் ரொம்போணும். இல்லீன்னா ஜூஸ் கடைதான்." ஜூஸ் பிழிய நான் வேண்டியதில்லை. மறுபடி செக்கிங் டேபிள்.

அந்த வாரம் அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஐந்து பேர். முதல் சுருளை வாங்கிய பெரியவர் அதைப் பூங்கொத்து போலப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "உடனே சாப்பிடோணுங்க" என்றேன். "எங்க ஊட்ல இன்னும் வாங்கலீங்களே" என்றார். அவர் மனைவி மருமகளுக்குக் காத்திருந்தார், மருமகள் கொழுந்தனுக்கு. ஐந்தாவதைக் கொடுத்து நிமிர்ந்தபோது முதல் நான்கும் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். பெரியவர் வெகுநேரம் மென்றார். "ஏனுங்க அம்மிணி, துணி நல்ல துணிதானுங்க. ஈரத்தோட கட் பண்ணிட்டீங்க."

எள்

மேலே வறுத்த எள் தூவுவது வழக்கம். ஒரு சாயப்பட்டறைக்காரரும் அவர் மச்சானும் வந்தார்கள். நான் சுருளை நீட்ட, அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நம் வீடுகளில் எள்ளையும் உப்பையும் கைக்குக் கை கொடுப்பதில்லை, சண்டை வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? பாசித்தாளைப் பற்றியே நினைத்ததில் அது மறந்துபோயிருந்தது. "நானும் மச்சானும் மறுபடி பேச ஆரம்பிச்சே ஒரு மாசந்தானுங்க ஆகுது" என்றார். "இப்பப் போயி எள்ளைக் கையில குடுக்கறீங்களே!"

அடுத்ததை எள் இல்லாமல் சுருட்டினேன். இருவரும் கையில் வாங்கினார்கள். பலகை முழுக்க நொறுங்கும் சத்தம். ஆளுக்கு நான்கு ஆனது. அன்றிலிருந்து எள்ளைச் சோற்றோடு பிசைந்து உள்ளே மறைத்துவிட்டேன். சோறு வடிக்கும் பொன்னுச்சாமி அண்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னார்: "கண்ணுல படாத எள்ளுக்கு எவனும் சண்டைக்கு வரமாட்டான் கண்ணு."

ட்யூப் லைட்

காலையில் பாசித்தாள் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு தாளையும் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். சமையல்காரர் சொல்லிக்கொடுத்ததல்ல; செக்கிங் டேபிள் பழக்கம். ஓட்டை இருந்தால் அங்கேதான் கிழியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்தால் வாசலில் மொரிதா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் ஒதுக்கி வைத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்து அவரும் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனை அளவு ஓட்டை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து அதன் பக்கத்தில் ஒட்டினார். ஆறு வருஷம் நான் பனியன்களில் குறை காட்ட ஒட்டிய அதே அம்பு.

இந்தத் தடவை நான் தட்டைத் தேடவில்லை. சுருட்டிய கை அப்படியே போனது; அவர் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. மூன்று தின்றார். "இது பாஸ். இன்னொண்ணுங்க" என்றார், சரக்கு தேறியது என்று சொல்லும் குரலில்.

ஆடி கடைசி சனி

மதியம் முதலாளி டேப்போடு வந்து பலகையை அளந்துகொண்டிருந்தார். ஜூஸ் மிஷினுக்கு இடம் போதுமா என்று பார்க்க. அப்போது மொரிதா வந்தார், பின்னாலேயே அவர் ஆபீஸ் ஆட்கள் நான்கு பேர். ஐந்து இருக்கை நிறைந்தது. நான் ஆறாவதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

ஐந்து கைகள் நீண்டன. கொடுத்தேன், நொறுங்கியது. கொடுத்தேன், நொறுங்கியது. புதிதாக வந்த ஒருவர் சுருளைப் பலகையில் நிறுத்தி செல்போனில் படம் எடுக்கப் பார்த்தார். மொரிதா அவர் கையில் மெல்லத் தட்டினார். "வேண்டாங்க. நமுத்துரும்."

குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கிய ஒருத்தி, குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கும் ஒருவருக்குச் சோறு சுருட்டிப் பிழைத்தாள் என்பதுதான் என் தொழில் சரித்திரம்.

ஆறாவது சுருளைச் சுருட்டி முடித்திருந்தேன். முதலாளி டேப்பை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். கடைசி இருக்கையை இழுத்து உட்கார்ந்து, கையை நீட்டினார்.